எட்டாம் நம்பர் முள்

ஏப்ரல் 15

இன்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிட்டார்கள். இனி ஜூன் பாதிவரை தடைக்காலம். மீன்கள் நிம்மதியாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டுமாம். படகுக்கு விடுப்பு என்றால் தூண்டில் முள் விற்கிற எனக்கும் விடுப்புதான். தடை இல்லாத சின்ன வள்ளக்காரர்கள் எப்போதாவது எட்டிப் பார்ப்பார்கள். மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்ட வேண்டும். ஈ ஓட்டுவதற்குப் பதிலாக எழுதலாம் என்று, மாதா கோயிலில் கொடுத்த இந்த டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலையில் ஜெனோவா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். என் ஒரே மகள். "அம்மா, அப்பா போயி நாலு வருஷமாச்சு. இன்னும் அந்தத் துருப்பிடிச்ச ஊருல ஒத்தையில என்ன செய்யுதிய? கடையக் குடுத்துட்டு இங்க வாங்க" என்றாள். பக்கத்துக் கட்டிடத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர் எங்கள் கடையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் நம்பரை வாங்கி இவளே பேசிவிட்டாளாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் குரலில் ஆசை இருந்தது, அதனால் கத்தவில்லை.

"தடை முடியட்டும், சொல்லுதேன்" என்றேன். ஜூன் பதினைந்தாம் தேதி சொல்ல வேண்டும்.

துருப்பிடித்த ஊராம். என் கடையில் ஒரு முள் துருப்பிடித்திருக்கிறதா என்று வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 17

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் பலகையைத் துடைத்தேன். என் வீட்டுக்காரர் கஸ்பார் செய்தது. மனிதருக்குக் கடையில் உட்கார்ந்து முள் விற்றால் போதாது, முள் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். பலகையில் வரிசையாகக் கட்டி, கண்ணாடி போட்டு மாட்டினார்.

முதலில் இருப்பது ஒரு குச்சி, அவ்வளவுதான். இரண்டு முனையும் கூர், நடுவில் நூல். இரைக்குள் வைத்துவிட்டால் மீன் விழுங்கும், நூலை இழுத்தால் குச்சி தொண்டையில் குறுக்கே நிற்கும். வளைவே இல்லாத தூண்டில். அடுத்தது எலும்பு முள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து வந்தது. எலும்பைக் கடித்துவிட்டுப் போடாமல், கழுவி, அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட இல்லை. இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேன் என்று அடுக்களையில் நின்று சிரித்தேன்.

அப்புறம் சிப்பி முள், செம்பு முள், கொல்லன் அடித்த இரும்பு முள். அப்புறம் சீமை முள். சீமையில் தையலூசி செய்தவர்கள்தான் முதலில் தூண்டில் முள்ளும் செய்தார்களாம். ஊசியை நெருப்பில் காட்டி வளைத்துவிட்டால் முள். பிறகு நார்வேக்காரன் இயந்திரம் வைத்து அடித்துத் தள்ள ஆரம்பித்தான். நார்வே முள் மெழுகுத்தாள் சுற்றிய சின்ன டப்பாவில் வரும். அந்த மெழுகு வாசனையும் கஸ்பாரின் சட்டை வாசனையும் எனக்கு ஒன்றுதான். ஜெனோவா விழுந்த பால்பல்லை அந்த டப்பாவில்தான் போட்டு வைப்பாள். அவளுக்கு அதெல்லாம் மறந்திருக்கும்.

ஏப்ரல் 20

இஞ்ஞாசி வந்தார். இஞ்ஞாசி ரொட்ரிகோ, கஸ்பாருக்குத் தம்பி மாதிரி, அண்ணன் பெண்டாட்டி என்று என்னை மைனி என்பார். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். இவர் கடலுக்குப் போனார், அவர் கடையில் உட்கார்ந்தார். பெரிய படகு ஒன்றில் தூண்டில் முழுவதும் இவர் பொறுப்பு. முள் கட்டுவது, இரை கோர்ப்பது, போடுவது, இழுப்பது எல்லாம். தங்கச்சிமார் நாலு பேரைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் தனக்கு வயது போய்விட்டது என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

"மைனி, இந்த சீசனுக்குத் தூண்டில் எல்லாம் புதுசாக் கட்டணும். எட்டாம் நம்பர் வேணும்" என்றார். எங்கள் கடையில் பழைய வாடிக்கைக்காரர்கள் தாங்களே அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொள்வார்கள். அது கஸ்பார் வைத்த பழக்கம். முள்ளை எடுக்கிற கைக்குத் தெரியும், விற்கிற வாய்க்கு என்ன தெரியும் என்பார். இஞ்ஞாசியும் எடுத்துக்கொண்டு போனார்.

போகும்போது வாசலில் நின்று, "நீங்க அப்பிடியே இருக்கிய மைனி. கஸ்பாரண்ணன் காலத்துல பாத்த மாதிரியே" என்றார்.

தடை ஆரம்பித்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் எதற்கு முள் வாங்குகிறார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21

இஞ்ஞாசி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். எட்டு எடுப்பதற்குப் பதில் ஆறு எடுத்துவிட்டாராம். எங்கள் தொழிலில் எண் ஏற ஏற முள் சிறுக்கும். எட்டு சின்னது, ஆறு கொஞ்சம் பெரியது. முப்பது வருஷமாக எட்டாம் நம்பர் கட்டுகிற மனிதர் இப்படி மாற்றி எடுப்பாரா?

மாற்றிக் கொடுத்தேன். ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 28

இன்று தட்டைத்தலை முள். இவருக்கு வேண்டியது காது வைத்தது, நூல் கோர்க்கிற ஓட்டை உள்ளது. எடுத்துப் போனது ஓட்டை இல்லாமல் தலை தட்டையாக அடித்தது. மறுபடியும் மாற்றினேன்.

"உமக்கு மறதி வந்துட்டா?" என்று கேட்டேன்.

"வயசாகுதுல்லா மைனி" என்று சிரித்தார்.

துறைமுக வாசலிலேயே ஒரு தூண்டில் கடை இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து நாலு எட்டு. அதைத் தாண்டி, வெயிலில் இவ்வளவு தூரம் என் கடைக்கு வருகிறார். எனக்கென்ன, வரட்டும்.

மே 3

பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் ஸ்டெல்லா இன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஏக்கா, இஞ்ஞாசியண்ணன் தூண்டில் போடுதது கடல்லயா, ஒங்க கடையிலயா?" என்று கேட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். வடை பொரிக்க வந்தவளுக்கு எவ்வளவு பேச்சு.

"வாயக் கழுவு" என்றேன்.

"நீலச் சேல புதுசா?"

புதுசு இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஜெனோவா எடுத்துக் கொடுத்தது. பெட்டியில் கிடந்து மடிப்பு விழுந்துவிடும் என்று கட்டினேன். அவளுக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

மே 5

இஞ்ஞாசி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இன்று எந்த முள்ளையும் மாற்ற வரவில்லை. நூல் வாங்கினார். பலகையைப் பார்த்தபடி கஸ்பாரைப் பற்றிப் பேசினோம்.

மீன்வளத்துறைக்காரர்கள் வந்து வட்ட முள் கொடுத்த கதையை ஞாபகப்படுத்தினார். சாதாரண முள் குடையின் கைப்பிடி போல வளைந்திருக்கும். வட்ட முள்ளின் நுனி தண்டைப் பார்த்து உள்ளே திரும்பியிருக்கும். ஆமை அவ்வளவு எளிதில் விழுங்காது, மீனுக்கு வாயோரத்தில்தான் மாட்டும். ஆனால் ஒரு சங்கதி, மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் மாட்டாமலே வெளியே வந்துவிடும். மீன் தன் போக்கில் திரும்பிப் போகும்போது தானாக மாட்டிக்கொள்ளும். எங்கள் ஆட்களுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியுமா? முதல் நாள் போனவர்கள் பழக்கதோஷத்தில் சுண்டி இழுத்து இழுத்து, ஒரு மீன் இல்லாமல் வந்து, முள்ளைக் கொண்டுவந்து கடை வாசலில் வீசிவிட்டுப் போனார்கள்.

"நானும் சுண்டி இழுத்தவந்தான்" என்றார் இஞ்ஞாசி. "கஸ்பாரண்ணன்தான் சொன்னாவ, அது உன்னயக் கேட்டு மாட்டாதுல, சும்மா இருன்னு."

கஸ்பார் அன்று ஒரு பேப்பர் செய்தியைக் காட்டினார். இந்தோனேசியாப் பக்கம் ஒரு தீவில் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லறையைத் தோண்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பெண். தாடைக்குக் கீழே சிப்பியில் செய்த தூண்டில் முட்களை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அதில் பல முட்கள் வட்டமானவை. "பாத்தியா பெர்பெத்து, புது முள்ளுன்னு இப்ப குடுக்கானுவ, அந்தக் கிழவி அப்பவே வச்சிருந்திருக்கா" என்றார். எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நினைப்பு ஓடியது. மீன் பிடிக்கிற கணவனுக்கு வைக்காமல் அவளுக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அவளே பிடித்திருக்க வேண்டும். அல்லது என்னைப் போல விற்றிருக்க வேண்டும்.

இதை இஞ்ஞாசியிடம் சொன்னேன். சிரித்தார். கஸ்பார் போன பிறகு இந்தக் கடையில் ஒரு ஆண்குரல் இப்படிச் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். இஞ்ஞாசி எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கஸ்பாரை நினைத்துத்தான்.

மே 9

ஜெனோவா. "யோசிச்சியளா?" யோசிக்கிறேன் என்றேன். பேரன் போனை வாங்கி இந்தியில் ஏதோ பாடினான். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுகை வந்தது. பெங்களூரில் கடல் இல்லை என்பதை விட்டால் அங்கே போகாமலிருக்க என்ன காரணம் இருக்கிறது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

காரணம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 10

வெயில். வியாபாரம் இல்லை. சாளைக் குழம்பு வைத்தேன். கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிட்டேன்.

மே 14

காலையில் வெயில் ஏறும் நேரத்தில் இஞ்ஞாசி இடது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தார். ஆள்காட்டி விரலில் எட்டாம் நம்பர் முள் வளைவுவரை ஏறியிருந்தது. நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்கும் எதிர்முள்ளும் உள்ளே போய்விட்டது. அதுதான் மீனை நழுவவிடாமல் பிடிப்பது. மனிதனையும் விடாது.

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்கு வந்தீரு?"

"அங்க கத்தியால கீறுவானுவ மைனி. கஸ்பாரண்ணன் நூல் வச்சு எடுப்பாவள்லா, நீங்க பாத்திருப்பியளே."

பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு நானே எடுத்தும் இருக்கிறேன். கெட்டியான நூலை முள்ளின் வளைவில் வளையமாகப் போட்டேன். மற்றக் கையால் தண்டைத் தோலோடு சேர்த்து அழுத்தினேன். அப்படி அழுத்தினால் எதிர்முள் சதையிலிருந்து விடுபட்டு, வந்த வழியே திரும்ப இடம் கிடைக்கும். பிறகு யோசிக்காமல் ஒரே சுண்டு. மெல்ல இழுத்தால் கிழிந்துவிடும்.

சுண்டும்போது, "பெர்பெத்து!" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வலியில் யாரும் எதையும் சொல்வார்கள்.

முள் தெறித்து மேசையில் அவருக்கு நேர் முன்னால் விழுந்தது. விரலைக் கழுவி, துணி கட்டினேன். அவர் மேசையைப் பார்த்தபடியே கேட்டார், "வந்துட்டா? முள்ளு எங்க?"

அது அவர் மூக்குக்குக் கீழே கிடந்தது. வலது கையால் மேசையைத் தடவித் தேடினார். இரண்டு தடவை முள்ளுக்குப் பக்கத்தில் போய், தொடாமல் திரும்பியது கை.

அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். "இது எத்தனாம் நம்பர்?"

டப்பாவை வாங்கி விரலால் தடவினார்.

"சொல்லும்."

"எட்டு" என்றார்.

மூன்று அது.

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், "ரெண்டு வருஷமா இப்பிடித்தான் மைனி. மொதல்ல பனி மாதிரி இருந்துது. இப்ப எல்லாமே பனிதான். முள்ளக் கையில எடுத்தா கை சொல்லிரும், இது ஆறு, இது எட்டுன்னு. டப்பா பேசுமா? வீட்டுக்குப் போயித் தொறந்தாத்தான் மாத்தி எடுத்தது தெரியும்."

"துறைமுகத்துக் கடைக்குப் போக வேண்டியதுதானே?"

"அங்க ரெண்டு தடவ மாத்தப் போனா மூணாவது தடவ படகு முதலாளி காதுக்குப் போயிரும். கண்ணு தெரியாதவன எவன் ஏத்துவான்? நீங்க யாருட்டயும் சொல்ல மாட்டிய. அதான் இங்க வந்தேன்."

ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

மே 15

தலைவலி. கடை திறக்கவில்லை.

மே 16

தலைவலி இல்லை. பொய் எழுத எதற்கு, இது என் டைரிதானே.

வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்தேழு வயதுக்காரி, பேரன் எடுத்தவள். ஒரு மனிதர் டப்பாவை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு வருகிறார் என்றால் கண்ணில் கோளாறு என்று நினைக்காமல் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு நீலச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஸ்டெல்லாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

நீங்க அப்படியே இருக்கிய மைனி என்றாரே. ஒன்றும் தெரியாத கண்ணுக்கு எல்லோரும் அப்படியேதான் இருப்பார்கள்.

மே 18

ஜெனோவாவுக்கு நானே போன் செய்தேன். சரி, வருகிறேன், செல்போன் கடைக்காரரிடம் சொல்லிவிடு என்றேன். அவள் போனிலேயே கத்திக் குதித்தாள். ஜூன் பதினைந்து கையெழுத்து.

சொன்ன பிறகு கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முப்பத்தொரு வருஷம் நின்ற இடம்.

மே 24

இஞ்ஞாசி பத்து நாளாக வரவில்லை. எனக்கென்ன என்று இருந்தேன். இன்று ஸ்டெல்லா வந்து, "இஞ்ஞாசியண்ணன் வலைக்கூடத்துல ஒக்காந்து தூண்டில் கட்டுதாவ. கை முழுக்கக் கட்டு. அஞ்சு விரல்ல மூணு விரல் துணிக்குள்ளதான்" என்றாள். கேலி செய்யாமல் சொன்னாள். அதனால்தான் பயம் வந்தது.

போனேன். துறைமுகத்துக்குப் பின்னால், பழைய வலைக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு கையால் முள்ளைப் பிடித்து, நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பார்க்கிறார். வழுக்கிப் போனால் முனை மழுங்கியது, தூரப் போடுகிறார். நகத்தில் பிடித்தால் நல்ல முள், கட்டுகிறார். முள்ளின் காதில் நூல் நுழைத்து, தண்டில் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்குவது அப்படியே கஸ்பார் மெச்சுகிற கட்டு. கையில் பிழை இல்லை. ஆனால் கட்டி முடித்த முள்ளைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அது அங்கே இருப்பதை மறந்து அதன் மேலேயே கையை ஊன்றுகிறார்.

"இஞ்ஞாசி" என்றேன்.

"மைனியா? வாங்க."

"கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம். எழும்பும்."

"வேண்டாம் மைனி. ஆப்பரேசன் பண்ணா ஒரு மாசம் கடலுக்குப் போவக்கூடாதாம். சீசன் ஆரம்பத்துல எவனாவது எனக்காகக் காத்துக் கெடப்பானா? வேற ஆளப் போட்டுருவான்."

"இப்பிடியே போனா? நடுக்கடல்ல தூண்டில் ஓடும்போது கையில முள்ளு மாட்டினா கயிறு ஆளயே இழுத்துட்டுப் போயிரும். தெரியாதா உமக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார், "ஆப்பரேசன் பண்ணி ஒண்ணும் தெரியாமப் போயிட்டா? இப்பவாவது வெளிச்சம் தெரியுது. நெழல் தெரியுது. ஆள் அசையிறது தெரியுது. அதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்? யாரு இருக்கா எனக்கு?"

பயம்தான். வேலை போகும் என்ற கதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வைத்திருப்பது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் என்னிடம் ஒரு தப்பும் செய்யவில்லையே, நானாகத்தானே எதையோ நினைத்துக்கொண்டேன்.

"நான் கூட வாரேன்" என்றேன். "பெங்களூருக்குப் போறதுக்கு முன்னால ஒம்ம கண்ணச் சரி பண்ணிட்டுத்தான் போவேன்."

"பெங்களூருக்கா?" என்றார். "கடை?"

"குடுத்தாச்சு."

கையிலிருந்த நூலைச் சுருட்டிக் கீழே வைத்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார், எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல். நானே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

மே 30

கண்புரை ஆப்பரேசன் முடிந்தது. முதலில் வலது கண். நர்ஸ் பெண் வந்து, "கூட வந்தவங்க யாரு? பேஷன்டுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டாள்.

அவர் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "மைனி" என்றால் வலிக்கும், வேறு எது சொன்னாலும் ஊர் சிரிக்கும். அதனால் நானே முந்திக்கொண்டு, "கடைக்காரி" என்றேன். அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

இஞ்ஞாசி கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று அதட்டினேன்.

மே 31

கட்டைப் பிரித்தார்கள். நான் கட்டிலுக்கு எதிரே நின்றேன். அவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் முழுக்க வடு. அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மைனி, நரைச்சிட்டியளே."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "உமக்கு மட்டும் கருகருன்னா இருக்கு? கண்ணாடி கொண்டாரச் சொல்லவா?"

"கன்னத்துல ரெண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கு."

"எண்ணியாச்சா? இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றார். கேலி செய்கிற குரல் இல்லை அது. கண்ணை எடுக்கவும் இல்லை. டாக்டர் நீர் வடியும் என்று சொல்லியிருந்தார், அதனால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கோடு இருக்கத்தான் செய்கிறது. கஸ்பார் பார்த்த முகம் இல்லை இது. இந்த முகத்தை உள்ளபடி பார்த்த ஆண்பிள்ளை இஞ்ஞாசி ஒருவர்தான் என்று தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 6

செல்போன் கடைக்காரர் டேப்போடு வந்து சுவரை அளந்தார். அலமாரியெல்லாம் எடுத்துவிட வேண்டுமாம், கண்ணாடி ரேக் வரப்போகிறதாம். "அந்த மீன் முள்ளுப் படத்த நீங்க எடுத்துட்டுப் போயிருங்க ஆன்ட்டி" என்றார். படமாம்.

நல்ல மனிதர்தான். தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் போன பிறகு கல்லாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கஸ்பார் செத்தபோது இந்தக் கடை இருந்தது, போய் உட்கார ஒரு இடம் இருந்தது. இப்போது அதுவும் போகிறது. நானே சரி என்று சொல்லிவிட்டு நானே அழுகிறேன்.

இஞ்ஞாசி ஒரு வாரமாக வரவில்லை. வர வேண்டிய காரணமும் இனி இல்லை. கண் தெரிகிறது. துறைமுகக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், எந்த டப்பாவானாலும் படித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 12

துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினேன். ஜெனோவா டிக்கெட் போட்டுவிட்டாள்.

ஜூன் 14

நாளை அதிகாலை படகுகள் போகும். தெரு முழுக்க ஐஸ் வண்டி. இஞ்ஞாசியின் படகுக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள் என்று ஸ்டெல்லா சொன்னாள். ஒரு மாதம் கழித்து வா, பார்க்கலாம் என்றாராம் முதலாளி. நான்தான் காரணம். அந்தச் சுமையோடுதான் ரயில் ஏற வேண்டும்.

ஜூன் 15

படகுகள் போய்விட்டன. துறைமுகத்தில் விட்ட வெடிச்சத்தம் கடைவரை கேட்டது. பதினோரு மணிக்குக் கையெழுத்து. கடைசியாக ஒரு தடவை கடையைத் திறந்து வைப்போம் என்று திறந்தேன். மெழுகு வாசனை வந்தது.

ஒன்பது மணி இருக்கும், இஞ்ஞாசி வந்தார். கறுப்புக் கண்ணாடி, தேய்த்த சட்டை. வாசல்படியைத் தடவாமல் ஏறினார். அலமாரிக்கு நேராகப் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்துப் பையன் போல ஒவ்வொரு நம்பரையும் சத்தமாக வாசித்தார். பிழையில்லை.

"எந்த நம்பர் வேணும்?" என்றேன்.

"எதுவும் வேண்டாம்."

"படகுதான் போயிருச்சே. அப்புறம் எதுக்கு வந்தீரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது, ஆனால் என்னைத்தான் பார்த்தது. "இத்தன நாளும் முள்ளு வாங்க வந்தேன்னு நீங்க நெனச்சிய. கண்ணு தெரியாமத்தான் ஒங்க கடைக்கு வந்தேன்னு நான் சொன்னேன். அதுவும் மெய்தான். ஆனா கண்ணு தெரிஞ்சப்புறமும் இந்தக் கால் இங்கதான் வருது. அத ஒங்கிட்ட சொல்லணும்னு ஒரு வாரமா நடந்துக்கிட்டே இருக்கேன், வாசல் வர வந்துட்டுத் திரும்பிப் போறேன். இன்னிக்கும் சொல்லலன்னா நீ ரயில் ஏறிருவ."

நீ என்றார். நான் திருத்தவில்லை.

ஸ்டெல்லா டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன். கஸ்பாரின் நாற்காலியில் இத்தனை வருஷமாக யாரையும் உட்காரச் சொன்னதில்லை. அதை இழுத்துப் போட்டு, "உக்காரும்" என்றேன்.

பிறகு போனை எடுத்து ஜெனோவாவைக் கூப்பிட்டேன். கையெழுத்து முடிந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டாள். "இல்ல மக்கா. பேரனப் பாக்க நான் வாரேன், லீவுக்கு லீவு வாரேன். ஆனா கடையக் குடுக்கல" என்றேன். ஏன், என்ன ஆச்சு, யாரு என்ன சொன்னா என்று அடுக்கினாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யாகிவிடும்.

"இஞ்ஞாசி சித்தப்பா இங்கதான் உக்காந்திருக்காவ. அவியகிட்டயே கேளு" என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.